வலது கால் நனையாமல்

கல்லூரியின் கடைசி ஆண்டில் என் மேசைக்கு மேல் இரண்டு பட்டியல்கள் ஒட்டியிருந்தன. ஒன்று, ஜூனில் வேலையில் சேரும்போது கொண்டுபோக வேண்டிய சான்றிதழ்கள். மற்றொன்று, சாஃப்ட்பால் மட்டையை வீசும்போது உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்பது. இரண்டாவதில் பதினான்கு வரிகள். அமீர்பேட்டுக்குக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகளில், பக்கத்து நெட் சென்டரில் படித்துப் படித்துத் தொகுத்தது.

மூன்று வருடமாக நான் கல்லூரி அணியில் இருந்தேன், ஆட்டத்தில் இருந்ததில்லை. ஸ்கோர் எழுதுவேன், தண்ணீர் பாட்டில்களை நிரப்புவேன், ஓரத்தில் உட்கார்ந்து கை தட்டுவேன். ஏப்ரலில் கடைசிப் போட்டி. அதில் எனக்கு ஒருமுறை மட்டை தருவதாகப் பயிற்சியாளர் மேடம் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, அதற்கு முன் பயிற்சியில் நாலு பந்தையாவது ஒழுங்காக அடித்துக் காட்ட வேண்டும். வேலையில் சேர்ந்துவிட்டால் மட்டையைத் தொடப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அந்த ஒருமுறை எனக்கு வேண்டியிருந்தது.

அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இருந்ததால் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் வீடு. மொட்டைமாடியில் பயிற்சி. பந்து பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போய்விடக்கூடாது என்பதால், அப்பாவின் பழைய காலுறைகளைச் சுருட்டி உருண்டையாக்கி வைத்திருந்தோம். நுழைவுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த தங்கை, மாலையில் அரை மணி நேரம் எனக்காகத் தருவாள். பக்கவாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்து, உருண்டைகளை ஒவ்வொன்றாக மேலே போடுவாள்.

நான் பட்டியலை முதலிலிருந்து தொடங்குவேன். பாதங்கள் தோளைவிடச் சற்று அகலம். முழங்கால் தளர்வு. இடுப்பில் மடங்கு, முதுகை வளைக்காதே. எடை முன்பாதத்தில். ஆறாவது வரிக்கு வருவதற்குள் காலுறை தொப்பென்று தரையில் விழுந்திருக்கும்.

"அக்கா, நீ அடிக்கிறியா, பரீட்சை எழுதுறியா?"

"ஒழுங்கா போடுடீ."

"ஹவ், ஆமா, நான் போடுறதுதான் தப்பு."

எல்லாவற்றிலும் கடினம் ஒன்பதாவது வரி. பந்து வருவதற்கு முன் எடையைப் பின்காலில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஊஞ்சலைத் தள்ளுவதற்கு முன் கொஞ்சம் பின்னால் இழுப்போமே, அதுபோல. எனக்கு வலது கால் பின்கால். எடை அந்தத் தொடையின் உட்பக்கத்தில் நிற்க வேண்டும். எனக்கோ அது முழங்காலைத் தாண்டி வெளியே சரிந்துவிடும். சரிந்த உடம்பு திரும்பி வருவதற்குள் பந்து போய்விடும்.

அப்பா ஒருநாள் தேநீர் டம்ளரோடு மாடிக்கு வந்தார். தொழிற்சாலை அணியில் கிரிக்கெட் ஆடியவர்.

"இடது முழங்கைய மேல தூக்கும்மா. மட்டை நேரா வரணும். பந்தைத் தரையோட அடி."

"இது வேற ஆட்டம்பா."

"மட்டை மட்டைதானே" என்றார். பதினைந்தாவது வரி சேர்ந்துவிடுமோ என்று எனக்குப் பயம் வந்தது.

போட்டிக்குப் பத்து நாள் இருந்தபோது அது நடந்தது. வெயில் காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. துணி அலசிய தண்ணீரைக் கொட்டாமல் வைத்திருந்து, மாலையில் மொட்டைமாடியில் வீசி ஊற்றுவோம். கீழே அறை கொஞ்சம் ஆறும். அன்று என் முறை. விளிம்பில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து வாளியைத் தூக்கி வீசினேன். தண்ணீர் விசிறிபோல விரிந்து எதிர்ச்சுவர் வரை போனது. காய்ந்த சிமெண்டிலிருந்து சூடு எழுந்தது.

"அக்கா, இன்னொரு வாளி ஊத்து" என்றாள் தங்கை.

ஊற்றினேன்.

"உன் வலது காலைப் பாரு."

பார்த்தேன். காய்ந்திருந்தது.

"நான் ஊத்தினா எப்பவும் என் கால்தான் நனையும். ரொம்பப் பின்னால சாஞ்சிருவேன், வாளி தளும்பிரும். நீ சாயவே மாட்டே. சாயாமலே பின்னால போறே. இடுப்பு முதல்ல திரும்புது, கை அப்புறம்தான் வருது. உன் பேப்பர்ல இருக்கறது எல்லாம் இதுதானே?"

சிறுவயதிலிருந்து செய்துவந்த வேலை. ஒருநாளும் அதைக் கவனித்ததில்லை. கவனிக்காததால்தான் சரியாக வந்தது போலும். உடனே கீழே ஓடி, அதைப் பட்டியலில் எழுதப் பேனாவை எடுத்தேன். பின்னாலேயே வந்தவள் பேனாவைப் பிடுங்கினாள்.

"நக்கோ, வேண்டாம் அக்கா. எழுதினா மறுபடி கெட்டுப்போயிரும்."

பட்டியலையும் கிழித்தெடுத்துக்கொண்டு போனாள். அதன் பின்பக்கத்தில் கெமிஸ்ட்ரி சமன்பாடுகள் போட்டாள்.

அதன்பின் ஒரு வாளி தண்ணீர், உடனே ஒரு காலுறை. அலசிய தண்ணீர் நாலு வாளிதான் இருக்கும். அதனால் ஒரு நாளைக்கு நாலே அடி. காலி வாளியை வைத்த கை, சூடு ஆறுவதற்குள் மட்டையை எடுக்கும். இரண்டாம் நாள் ஒரு உருண்டை தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போனது. தங்கை அடுத்ததை எடுத்தாள். அந்த வார இறுதியில் மேடத்துக்கு ஐந்து பந்துகள் அடித்துக் காட்டினேன்.

போட்டியன்று அப்பாவும் தங்கையும் ஸ்கூட்டரில் வந்து வேலியோரம் நின்றார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் மேடம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். போய் நின்றேன். பட்டியல் கிழிந்தாலும் மனப்பாடம் போகவில்லை. பாதங்கள், முழங்கால், இடுப்பு என்று தொடங்கியது. முதல் பந்து போய்விட்டது. இரண்டாவது, மட்டையின் ஓரத்தில் பட்டுப் பின்னால் போனது. மூன்றாவதற்கு முன் வாளியின் விளிம்பை மட்டும் நினைத்தேன்.

கையில் அதிர்வே இல்லை. பந்து மட்டையின் நடுவில் பட்டால் அப்படித்தான் இருக்கும் என்று படித்திருக்கிறேன். அது இடப்பக்கம் உயர்ந்து, நான் இதுவரை அடித்த எதையும்விடத் தூரம் போனது. அடித்ததும் ஓடித் தொட வேண்டிய முதல் பேஸை நோக்கி நான் ஓடிக்கொண்டிருக்கையில், எல்லைக்குப் பக்கத்தில் நின்ற பெண் இரண்டடி பின்னால் போய் அதைப் பிடித்தாள். அவுட்.

வேலியோரம் போனேன்.

"தரையோட அடிச்சிருந்தா கேட்ச் ஆயிருக்காது" என்றார் அப்பா.

"தரையோட அடிச்சா, அக்கா ஓடிச் சேர்றதுக்குள்ள பந்தைப் பேஸுக்குத் தூக்கிப் போட்டு அவுட் பண்ணியிருப்பாங்க, நான்னா" என்றாள் தங்கை. ஊர்ப் பழக்கத்தில் அவள் அப்பாவைத் தெலுங்கில்தான் கூப்பிடுவாள்.

"அப்ப எப்படித்தான் அடிக்கிறது?" என்று அப்பா உண்மையாகவே கேட்டார்.

தங்கை குனிந்து, வேலிக் கம்பிக்கு இடையில் விரலை நீட்டி என் வலது ஷூவைத் தொட்டுப் பார்த்தாள்.

"நனையலக்கா" என்றாள்.