திரும்ப வைத்த வரி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் காலை ரயிலில் அவர் எனக்கு எதிரே உட்காருவார். நரைத்த தாடி, நிறம் போன சட்டை, தூக்கம் போதாத கண்கள். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, புரோகிராம் எழுதுகிறவர்கள் பார்க்கும் ஒரு இணையக் கையேட்டில் சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்துவார். சம்பளம் கிடையாது. யாரும் கேட்டுக்கொண்டதும் இல்லை.

அன்று ஒரே ஒரு வரியைச் சேர்த்துவிட்டு லேப்டாப்பை மூடினார். என்னவென்று கேட்டேன்.

“மெமரில முதல்ல ஒண்ணு, அடுத்து ஒண்ணுன்னு எழுதறோம் சார். அதே மெஷினுக்குள்ள இருக்கற இன்னொரு ப்ராசஸருக்கு ரெண்டாவது எழுதினது முன்னாடியே தெரியலாம். ‘வரிசைய நம்பாத’ன்னு சொல்ற வரி இது.”

“இவ்ளோ முக்கியமானத எப்படி விட்டாங்க?”

“விடல, இருந்துது. ஒருத்தர் தன்னோட லேப்டாப்புல ஓட்டிப் பாத்துட்டு, வரிசை மாறலயே, இந்த வரி தப்புன்னு எடுத்துட்டாரு. சில ப்ராசஸர்ல அப்படி மாறாது. போன்ல மாறும். அந்த வரி இல்லாத கையேட்ட நம்பி ஒருத்தன் மாத்திரை நேரம் சொல்ற ஆப் எழுதிட்டான். புது நேரம் வந்துடுச்சின்னு சொல்லிட்டு, அப்பப்ப பழைய நேரத்தையே காட்டுதாம்.”

“யாருங்க அந்தப் புத்திசாலி?” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. மூடிய லேப்டாப்பை விரலால் தட்டினார்.

“இதுலதான் சார் ஓட்டிப் பாத்தேன்.”

பரங்கிப்பேட்டை தாண்டியதும் மறுபடி திறந்து அந்த வரியையே படித்தார். சிதம்பரத்தில் இறங்கும்வரை வேறு எந்தப் பிழையையும் அவர் தொடவில்லை.