கூடாரத்தில் வந்த காய்ச்சல்

அன்றைக்குச் சங்கராபரணி ஆற்றங்கரையில் இருந்தவர்கள்: துரை, துரைசானி, வண்டி ஓட்டிவந்த என் அப்பா, ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான், மாடுகள் இரண்டு, மண்வெட்டியோடு வந்த ஆட்கள் இரண்டு பேர். பிற்பகலில் ஊர் ஆண்கள் நாற்பது பேர் போல வந்து சேர்ந்தார்கள். அவர்கள் தூக்கிவந்தவரை இருந்தவராகச் சேர்ப்பதா இல்லாதவராகச் சேர்ப்பதா என்று என்னால் இன்றுவரை முடிவுகட்ட முடியவில்லை.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம், மாசி மாதம். அப்பா திண்டிவனம் ரயிலடியில் வாடகை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டியும் மாடும் வேறொருவருடையவை. அப்பாவுக்குச் சொந்தம் சாட்டை மட்டும். சென்னையில் ஏதோ இயந்திரக் கம்பெனியில் வேலையாக இருந்த ஒரு துரை, மனைவியோடு ரயிலிறங்கி, கம்பெனியில் எழுதிக்கொடுத்த சீட்டை ரயிலடிக் குமாஸ்தாவிடம் நீட்டினார். சீட்டில் எல்லாம் விவரமாக இருந்தது. மரக்காணம் கடற்கரையில் இரண்டு ராத்திரி. கிளியனூர் வழியாகத் திரும்பி ஆற்றங்கரையில் இரண்டு ராத்திரி. கடைசியில் விழுப்புரத்தில் ரயிலேற்றிவிட வேண்டும். வாடகை முழுவதும் விழுப்புரத்தில்தான். சத்திரம், பங்களா எதுவும் தேவையில்லை. கூடாரம் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள்.

அம்மா பிரசவத்துக்கு வல்லத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். என்னைத் தனியாக விட முடியாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பிலிருந்தே இங்கிலீஷ் உண்டு என்பது. "எங்க பாப்பா இங்கிலீசு பேசும். துரைகிட்ட நான் இன்னாத்துக்கு ஊமையாட்டம் கையாட்டிக்கினு நிக்கணும்?" என்று அப்பா நாலு வண்டிக்காரர்கள் முன்னால் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு பூனை இருந்தது, ஒரு நாய் இருந்தது, வா, போ, உட்கார், நில் இருந்தன. குட்மார்னிங் இருந்தது. அவ்வளவுதான்.

பள்ளிக்கூடச் சம்பளம் வேறு இரண்டு மாதமாக நின்றிருந்தது. மாசிக்குள் கட்டாவிட்டால் பெயரை அடித்துவிடுவதாக வாத்தியார் சொல்லியிருந்தார். "வாடகை கைக்கு வந்ததும் மொத வேல உன் சம்பளந்தான். நீ பேசுற அழகப் பாத்துக்கினே கட்டிடுறேன்" என்றார் அப்பா. அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது பரீட்சை என்றே பட்டது.

வண்டியேறும்போது குட்மார்னிங் சொன்னேன். துரையும் துரைசானியும் சிரித்து, திருப்பிக் குட்மார்னிங் சொன்னார்கள். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் பிடிபடவில்லை. தொண்டையைச் செருமுவது போன்ற பேச்சு. ஒரு பூனை வரவில்லை, ஒரு நாய் வரவில்லை. வாத்தியார் எங்களை ஏமாற்றிவிட்டாரோ, அசல் இங்கிலீஷ் இதுதானோ என்று பயந்தேன்.

"இன்னா சொல்றாரு?" என்று அப்பா கேட்பார்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொல்றாரு."

மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. அப்பா காட்டுவார். துரை தலையாட்டுவார். இப்படியே மரக்காணம் வந்துவிட்டது.

கடற்கரையில் கூடாரம் அடித்ததும் மீனவர் வீட்டுப் பெண்கள் வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். துரைசானி மணலில் அடுப்பு மூட்டிக் கெண்டி வைப்பதைப் பார்த்து ஒருத்தி அப்பாவைக் கேட்டாள்: "இம்மாம் பெரிய துரைக்கு ஒண்டுறதுக்கு ஒரு ஊடு இல்லியாய்யா?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"ஊடு கட்டிக்கினு இருக்காங்களாம்" என்றேன். "இன்னும் ஓடு போடலியாம்."

"அய்ய, பாவம்" என்று சொல்லி அவள் போய் ஒரு முறம் நிறைய மல்லாட்டை, வேகவைத்த வேர்க்கடலை, கொண்டுவந்து கொடுத்தாள். நான் அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. பொய்க்கு வந்த மல்லாட்டை.

ஐந்தாம் நாள் பொழுது சாயும் நேரம் ஆற்றங்கரைக்கு வந்தோம். இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் துரைதான். மேட்டுப்பாங்கான மணல், பக்கத்தில் புளியமரம், ஆள் நடமாட்டமே இல்லை. அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நான் சுள்ளி பொறுக்கப் போனபோது உடைந்த குடத்து ஓடுகள் கிடந்தன. காய்ந்த சாமந்திச் சரம் ஒன்று கிடந்தது. மணல் அங்கங்கே ஆள் நீளத்துக்குப் புடைத்திருந்தது. அப்படிப் புடைத்த ஒன்றின்மேல்தான் துரைசானி உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் நுகத்தை அவிழ்த்துக்கொண்டே, "பாத்தேன் பாத்தேன். வாய மூடிக்கினு இரு. ரெண்டே ராத்திரி. அதுக்குள்ள எவன் சாவப் போறான்?" என்றார்.

அன்றைக்கு நான் வண்டிக்குள்ளேயே சுருண்டுகொண்டேன். அந்த ஊரில் இருக்கிற, முகம்கூடத் தெரியாத எல்லோரும் இரண்டு நாளைக்கு உயிரோடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஊர்ப்பக்கத்திலிருந்து மேளச் சத்தம் கேட்டது. துரைசானி காதைத் தீட்டிக் கேட்டு, தலையை ஆட்டி ஆட்டித் தாளம் போட்டாள். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வெயில் உச்சிக்கு ஏறியதும் மண்வெட்டிகளோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வயதானவர், மற்றவன் இளவட்டம்.

"இன்னா வண்டிக்காரே, பொணம் பொதைக்கிற எடத்துல கொட்டாய் போட்டுக் குடித்தனம் பண்ணிக்கினு இருக்கீங்க?" என்றான் இளையவன்.

"கொஞ்சம் தள்ளி வெட்டிக்கக் கூடாதா, பெரியவரே?" என்று அப்பா வயதானவரைப் பார்த்துக் கேட்டார்.

"தள்ளியா? செத்தவரு பொஞ்சாதி படுத்திருக்கிறது அந்தப் புளியமரத்துக்கு நேரா. அவ பக்கத்துலதான் வெக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. உங்க கொட்டாய் நிக்கிறது அவரு எடத்துல. பொணம் கெளம்பறதுக்குள்ள பிரிக்கச் சொல்லு, ஜல்தி. புள்ளைங்க முரட்டுப் பசங்க. வந்து பாத்தா உன் மாட்ட அவுத்து உட்டுடுவானுங்க."

மாடு அப்பாவுடையது அல்ல. துரையை எழுப்பி விரட்டினால் ஆறு நாள் வாடகை போய்விடும், விரட்டாவிட்டால் முதலாளியின் மாடு போய்விடும். அவர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எம்பொண்ணு பக்குவமா இங்கிலீசுல எடுத்துச் சொல்லும்" என்று அந்த ஆட்களிடம் சொன்னார். "போ பாப்பா."

கூடார வாசலில் துரைசானி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்ததில் பொருத்தமானது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. "கோ" என்றேன். அவள் சிரித்தாள். "கோ! கோ!" என்றேன். அவள் துரையைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். அவரும் சிரித்து, "கோ" என்று எனக்குத் திருப்பிச் சொன்னார். குட்மார்னிங் மாதிரி அதையும் ஒரு மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

சாவுக்கு இங்கிலீஷில் என்ன? பிணத்துக்கு என்ன? எங்கள் பாடத்தில் யாருமே சாகவில்லை. எல்லோரும் பூனை வைத்திருந்தார்கள்.

வேறு வழி தெரியவில்லை. இரண்டு கையாலும் மணலைத் தோண்டிக் காட்டினேன். பிறகு அந்தப் பள்ளத்தின் பக்கத்திலேயே மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்துக் கிடந்தேன். பிணம் அப்படித்தான் இருக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

துரைசானி வீல் என்று கத்தினாள். என் நெற்றியில் கைவைத்தாள். வெயிலிலும் பயத்திலும் அது கொதித்திருக்க வேண்டும். நான் கண்ணைத் திறப்பதற்குள் துரை என்னை வாரித் தூக்கிக் கூடாரத்துக்குள் கொண்டுபோய் மடக்குக் கட்டிலில் போட்டுவிட்டார். ஈரத்துணி வந்தது, கம்பளி வந்தது. வேம்பைவிடக் கசப்பான மாத்திரை ஒன்றை என் வாயில் போட்டு, மூக்கைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினார்கள். எழுந்திருக்கப் பார்த்தேன். துரைசானி தோளை அழுத்திப் படுக்கவைத்து, மெல்லத் தட்டிக்கொடுத்து ஏதோ பாடினாள்.

வெளியே அப்பாவின் குரல் கேட்டது. "சொல்லிட்டியா, பாப்பா?"

"நல்லா சொல்லிச்சி உன் பொண்ணு" என்றான் இளையவன். "உள்ள போய் ஜம்முனு போத்திக்கினு படுத்துக்கிச்சி."

மேளம் நெருங்கிவந்தது. துரை போட்டோப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஆவலாக வெளியே ஓடினார். நான் கட்டிலில் கிடந்தபடி கூடாரத்து வாசல் வழியே பார்த்தேன். கரைமேல் ஊர் ஆண்கள் வந்துகொண்டிருந்தார்கள். கூடாரத்தைக் கண்டதும் மேளம் நின்றுவிட்டது. துரை பெட்டியைக் கண்ணுக்கு உயர்த்தினார். உயர்த்தியவர் அப்படியே இறக்கினார். பாடையைப் பார்த்தார். மண்வெட்டிகளைப் பார்த்தார். பிறகு தன் காலடி மண்ணைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். என் நாலு வருஷப் படிப்பால் சொல்ல முடியாததைச் செத்தவர் ஒரு வார்த்தை பேசாமல் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. துரையே மண்டியிட்டு முளைகளைப் பிடுங்கினார். துரைசானி பிசைந்த மாவோடு சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். என்னை மட்டும் இறங்க விடவில்லை. கட்டிலின் தலைமாட்டைத் துரையும் கால்மாட்டை அப்பாவும் பிடித்து, கம்பளியோடு என்னை வெளியே தூக்கிவந்தார்கள். எதிரே பாடை உள்ளே வந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று கடக்கும்போது கூட்டத்தில் ஒருவர், "ஒண்ணு வருது, ஒண்ணு போவுது" என்றார். சாவு வீட்டு ஆட்கள் இரண்டு மூன்று பேருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முரட்டுப் பிள்ளைகள் என்று சொல்லப்பட்டவர்கள் எங்களை ஒன்றும் செய்யவில்லை. மண் தள்ளும் நேரத்தில் துரையும் ஒரு பிடி மண் போட்டார். அப்பா மட்டும்தான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் விழுப்புரத்தில் துரை வாடகையை எண்ணிக்கொடுத்து, மேலே இரண்டு ரூபாயும் கொடுத்தார். அப்பாவையும் என்னையும் மாடுகளையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். ரயில் நகரும்போதும் துரைசானி தன் நெற்றியைத் தொட்டுத் தொட்டு என்னிடம் ஏதோ கேட்டுக்கொண்டே போனாள்.

திரும்பும் வழியில் விக்கிரவாண்டி தாண்டியதும் அப்பா, "நாலு வருசம் படிச்சி ஒத்த வார்த்தை. அதுவும் தொரையப் பாத்துப் போ போன்னு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மாட்டிடம் சொல்வது போலச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. மாத்திரைக் கசப்பு அப்போதும் தொண்டையில் இருந்தது.

எனக்குத் தம்பி பிறந்தான். வாடகைப் பணம் வல்லத்துக்குப் போயிற்று. மாசியும் முடிந்தது, சம்பளம் கட்டவில்லை. சித்திரையில் ரயிலடி விலாசத்துக்கு ஓர் உறை வந்தது. உள்ளே அந்தப் போட்டோவும், மையால் எழுதிய ஒரு சீட்டும். அப்பா முதலில் குமாஸ்தாவிடம்தான் காட்டியிருக்கிறார். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது உசந்த இங்கிலீஷ்யா. எனக்கே கொஞ்சம் பிடிபடலை" என்று சொல்லிவிட்டாராம். அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "படி. இத மட்டும் படிச்சிட்டீன்னா நாளைக்கே போய் சம்பளத்தக் கட்டிடுறேன்."

எழுத்துகள் எனக்குத் தெரிந்தவைதான். ஆனால் சில எழுத்துகளின் தலையில் அருகருகே இரண்டு புள்ளிகள் இருந்தன. அந்தப் புள்ளியை எங்களுக்கு நடத்தவில்லை. ஆறாம் வகுப்பில் நடத்துவார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். "தெரியலப்பா" என்றேன். அப்பா சீட்டை மடித்துப் போட்டோவின் பின்னால் செருகினார். நான் அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை.

இருபது வருஷம் கழித்து ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த நர்ஸம்மா ஒருவரிடம் அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பார்த்ததுமே, "இது இங்கிலீஷே இல்லையே. ஜெர்மன், எங்க ஊர் பாஷை. உனக்கு எப்படிக் கிடைத்தது?" என்றார். பிறகு படித்துச் சொன்னார். இரண்டே வரி. படம் நன்றாக வந்திருக்கிறது. சிறுமிக்குக் காய்ச்சல் விட்டதா?

விட்டுவிட்டது என்று அவரிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது? அன்றைக்குத் திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்தில் என் பெயரை அடித்தபோது அதற்கு நேரே நின்ற பாக்கி, இரண்டு மாதச் சம்பளம், பன்னிரண்டு அணா.