கல்லுப்புச் சமுத்திரம்

அப்பாவுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் குடியிருந்துகொண்டு நம்பிக்கை இல்லாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமல்ல. ஏகாதசிக்கு ஊரே முண்டியடித்துக்கொண்டு கோயிலுக்குள் போகும். அவர் வெளியே எங்கள் செருப்புகளுக்குக் காவல் நிற்பார். அந்த மனிதருக்கு 1950களின் கடைசியில் ஒரு பக்தி பிடித்தது. மீன்மேல்.

சென்னையில் யாரோ பெரிய மனிதர் வீட்டில் கண்ணாடித் தொட்டிக்குள் கடல்மீன் நீந்துவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பெரிய கடைத் தெருவில் படங்களுக்குக் கண்ணாடி போடுகிறவரைப் பிடித்து, இரும்புச் சட்டம் வைத்த தொட்டி ஒன்று செய்துகொண்டார். கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக் கல்லுப்பைக் கரைத்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, சமுத்திரம் தயார் என்று அறிவித்தார். பெருமாளுக்குக் காட்டாமல் எதையும் வாயில் வைக்காத அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சமையலறைப் பாத்திரம் எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

பிறகு ஆபீஸ் வேலையாக ராமேஸ்வரம் போனவர், தனுஷ்கோடிவரை போய் ஒரு மண்பானை நிறையக் கடல் தண்ணீர் கொண்டுவந்தார். உள்ளே இரண்டு கீச்சான் மீன்குஞ்சுகள். வலைக்காரர் ஒருவர் சும்மா கொடுத்தாராம். ரயிலில் வழி முழுக்கப் பானையை மடியிலிருந்து இறக்கவில்லையாம். நாங்கள் பிறந்தபோதுகூட எங்களை அப்படித் தூக்கியதாகத் தகவல் இல்லை. மேலிருந்து பார்த்தால் அந்த மீன்களின் கறுப்புக் கோடுகள் நாமம்போல் இருந்தன. வடகலையா தென்கலையா என்று கேட்டேன். அம்மா முறைத்தாள்.

வந்த வேகத்தில் ஒன்றைப் பிடித்துத் தொட்டியில் விட்டார். அது வெறி பிடித்தாற்போல் சுற்றி ஓடியது, கவிழ்ந்தது, அடியில் போய்ப் படுத்துவிட்டது. அதற்குள் அடுப்பில் இருந்த ரசம்கூடப் பொங்கியிருக்கவில்லை. அப்பா அதை வாழைமரத்தடியில் புதைத்தார். அம்மா தலைக்குக் குளித்தாள். அன்று அப்பா சாப்பிடவில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, இப்படியும் ஓர் அவசரக்குடுக்கையா என்று எரிச்சலாகவும் இருந்தது.

மிச்சமிருந்த மீன் பானையிலேயே கிடந்தது. பானையில் வைத்திருந்தால் தண்ணீர் கெட்டுப்போகும். தொட்டியில் விட்டால் உயிர் போகும். என்ன செய்வதென்று தெரியாமல் அப்பா சவரக் குவளையால் பானைத் தண்ணீரை மொண்டு, காபி ஆற்றுவதுபோல் தூக்கித் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தார்.

இதற்குள் விஷயம் தெருவில் பரவிவிட்டது. மீன் விஷயமல்ல, தண்ணீர் விஷயம். எங்கள் வீட்டில் சேதுத் தீர்த்தம் இருக்கிறது! தனுஷ்கோடிக்குப் போய்ச் சேதுவில் முழுகப் புண்ணியம் வேண்டும். இங்கே அது அடுத்த வீட்டுக்கே வந்திருக்கிறது. கிண்ணமும் சொம்புமாக மாமிகள் வந்தார்கள். அம்மா பானைக்குள் தீர்த்தக் கரண்டியான உத்தரணியை விட்டு மொண்டு கொடுத்தாள். மீன் இருக்கும் தண்ணீராயிற்றே என்று ஒரு மாமி தயங்கினாள். பெருமாளே முதலில் மீனாகத்தானே வந்தார் என்று இன்னொருத்தி தீர்ப்புச் சொல்லித் தலையில் தெளித்துக்கொண்டாள்.

பானையில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. தெரு மாமிகளைப் பகைத்துக்கொள்ள அப்பாவுக்குத் தைரியமில்லை. அவர்கள் வாங்கிப் போகும்போதெல்லாம், தொட்டித் தண்ணீரில் ஒரு குவளை எடுத்துப் பானையில் ஊற்றுவார். ஊற்றிவிட்டு, மீன் செத்துவிட்டதா என்று உட்கார்ந்து பார்ப்பார். அது சாகவில்லை. நான் கொல்லையில் தோண்டிக் கொடுத்த மண்புழுவைத் தின்றுவிட்டு இன்னும் கேட்டது.

ஆடி அமாவாசையன்று வாசலில் வரிசையே நின்றது. எல்லோரும் போன பிறகு அப்பா பானைக்குள் எட்டிப் பார்த்தார். கொண்டுவந்த கடலெல்லாம் உத்தரணி உத்தரணியாகத் தெருவுக்குப் போய்விட்டது. குவளை குவளையாக ஊற்றியதில் பானையில் இருந்தது முழுக்க எங்கள் கிணறுதான். அதில் மீன் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டிக்கு மாற்றினார். ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கண்ணாடியில் மூக்கை வைத்து அவரைப் பார்த்தது. அப்பா அழுததை நான் பார்த்தது அன்றுதான்.

அழுது முடித்ததும் பகுத்தறிவு திரும்பிவிட்டது. மீன் இருக்கும் இடம்தான் சேது என்று மாமிகள் இப்போது தொட்டியிலிருந்தே தீர்த்தம் வாங்கிப் போனார்கள். அவருக்குப் பொறுக்கவில்லை.

"இது சேதுவும் இல்ல, சமுத்திரமும் இல்ல. நம்மாத்துக் கிணத்துத் தண்ணியும் கல்லுப்பும்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லிடப் போறேன்" என்றார்.

அம்மா உத்தரணியைத் துடைத்துக்கொண்டே, "மீனுக்கே தெரியல. அவாளுக்கு மட்டும் எதுக்குத் தெரியணும்?" என்றாள்.

அடுத்த அமாவாசைக்கு முந்தின நாள், யாரும் சொல்லாமலே அப்பா கடைக்குப் போய் ஒரு பை கல்லுப்பு வாங்கி வந்தார்.