நனைந்த வேட்டி

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். நன்றாக எழுதுவேன் என்பதால், புதுச்சேரிக்கு வந்த அந்த மூத்த நடிகருக்கு வாழ்த்து மடல் எழுதி வாசிக்கும் வேலையை வாசகசாலைக்காரர்கள் என்னிடம் கொடுத்தார்கள். நாற்பது வருடம் நடித்தவர், படங்களை இயக்கியவர். நான் எட்டுப் பக்கம் எழுதினேன்.

விழாவில் எனக்கு முன்னால் ஆறு பேர் பேசி மூன்று மணி நேரத்தைத் தின்றுவிட்டார்கள். நான் எழுந்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த நடிகப் பெரியவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, சுருக்கமா முடிச்சிடுங்க. அவசரமா ஒண்ணுக்குப் போவணும்."

"இதோ ஆச்சுங்க ஐயா" என்றேன். ஆனால் மீன் வியாபாரத்தை விட்டுவிட்டு அப்பா முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வரியைக்கூட விட எனக்கு மனம் வரவில்லை. ஐந்தாம் பக்கத்தில், 'கலைக்கடலே' என்று குரலை உயர்த்தியபோது, பெரியவர் மேசையிலிருந்த சோடாவை மடியில் கவிழ்த்துக்கொண்டார்.

"அடடா! வயசாயிடுச்சு, கை நிக்கமாட்டேங்குது!" என்று வேட்டியை உதறிச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. சோடா கவிழும் முன்பே அந்த வேட்டி நனைந்திருந்ததைப் பக்கத்தில் நின்ற நான் மட்டும் பார்த்தேன்.

வாசிப்பதை நிறுத்தினேன். அவர் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "படிங்க தம்பி. இனிமே ஒண்ணும் அவசரமில்ல."

மீதி மூன்று பக்கத்தையும் வாசித்தேன்.

அன்று எடுத்த போட்டோவை அப்பா கூடத்தில் மாட்டியிருக்கிறார். அதில் நான் வாசிக்கிறேன். பெரியவர் ஈர வேட்டியோடு சிரிக்கிறார். "எம்புள்ள ஒரு எழுத்து விடாம படிச்சான்" என்று அப்பா வருகிறவர்களிடம் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.