ஐரின் மிஸ் ஒண்ணும் பண்ல

தொண்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களின் பயோடேட்டா கல்யாணப் பத்திரிகை மாதிரி. எல்லார் பெயரும் இருக்கும். மாப்பிள்ளை யார் என்று நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வேளச்சேரியில் வீட்டிலிருந்தபடி இவற்றைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதைக் குறை சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐரின் அக்கா கொண்டுவந்தது மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. அக்கா சாந்தோம்காரர். கடலோர நொச்சிக்குப்பத்து மீனவப் பெண்களோடு பதினோரு வருடம் வேலை செய்தவர். நிதி நின்றதும் அவர் இருந்த நிறுவனத்தை மூடிவிட்டார்கள். அடையாறில் ஒரு பெரிய நிறுவனம் பெண்கள் குழுக்களுக்கு ஒருங்கிணைப்பாளர் தேடிக்கொண்டிருந்தது. அது கிடைக்காவிட்டால் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் வரவேற்பு மேசைதான். அக்காவின் தம்பி காஸ்பர் அங்கே சொல்லி வைத்துவிட்டார். "இந்த வேலையை விட்டுட்டு நான் என்ன பண்ணுவேன் தாரணி?" என்று கேட்டபோது அக்காவின் குரல் உடைந்துபோனது.

பயோடேட்டாவைப் படித்தேன். பெண்கள் பால்வாடி தொடங்கினார்கள். பெண்கள் வங்கியில் கடன் கேட்டு வாங்கினார்கள். பெண்கள் குடிநீருக்காக அதிகாரிகளைச் சந்தித்தார்கள்.

"இதுல நீங்க எங்கக்கா?"

"நான் என்ன செஞ்சேன்? அவங்கதானே செஞ்சாங்க."

"அப்ப உங்க சம்பளத்தையும் அவங்களுக்கே குடுத்திருக்கலாமே!"

அக்கா சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

நானும் அவரிடம் கொஞ்ச காலம் வேலை பார்த்தவள்தான். சேர்ந்த புதிதில் கூட்டங்களில் கதவோரமாக உட்கார்ந்து வாயே திறக்க மாட்டேன். எல்லாரும் பேசி முடித்ததும் அக்கா திரும்பி, "தாரணி, நீ என்ன நினைக்கற?" என்று கேட்பார். நான் பேசும்வரை காத்திருப்பார். எவ்வளவு நேரமானாலும் அவசரப்படுத்த மாட்டார். ஆனால் இதையெல்லாம் பயோடேட்டாவில் எப்படிப் போடுவது? 'முன்னின்று நடத்தினார்', 'திட்டமிட்டு உருவாக்கினார்' என்று நானே நாலு வரி சேர்த்தேன். அக்கா அரை மனதோடு தலையாட்டினார்.

கடைசியில், அவருடைய வேலையைப் பற்றி விசாரிக்க இரண்டு பேரின் பெயர் கேட்டிருந்தார்கள். பழைய இயக்குநர் பெயரை முதலில் போடச் சொல்லியிருந்தேன். விண்ணப்பத்தை அனுப்பிய பிறகுதான் அக்கா மெல்லச் சொன்னார், இயக்குநருக்குப் பதிலாக முத்துலட்சுமியின் பெயரைப் போட்டுவிட்டாராம். முத்துலட்சுமி நொச்சிக்குப்பத்துச் சாலையோரம் மீன் விற்கிறவர்.

தலையில் அடித்துக்கொண்டேன். "சரி, அவங்ககிட்ட என்ன சொல்லணும்னாவது சொல்லிக் குடுத்தீங்களா?"

"கூடாது தாரணி. நீயும் போய்ச் சொல்லிக் குடுக்காத. அவங்க மனசுல இருக்கறத சொல்லட்டும்."

மறுநாள் காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

முத்துலட்சுமி பால்வாடியில் இருந்தார். தாய்மார்கள் விடியலில் காசிமேடு துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் ஒற்றை அறை. நிறுவனத்தின் பெயர்ப்பலகைகூட அங்கே இல்லை. நிறுவனமே மூடிவிட்டது, இது மட்டும் நடந்துகொண்டிருந்தது. அவரிடம் அக்காவைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"ஐரின் மிஸ்ஸா? அது ஒண்ணும் பண்லயே! அல்லாம் நாங்கதான் பண்ணோம். அது சும்மா ஒக்காந்துகினு இருக்கும். தங்கமான மனுசி, அது வேற."

போச்சு என்று நினைத்தேன். சொல்லிக் கொடுக்க வாயெடுப்பதற்குள் அறையில் சத்தம் கிளம்பியது. மழைக்காலத்தில் யார் யார் முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்ப்பது என்று ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து விவாதித்தார்கள். குரல்கள் உயர்ந்தன, இறங்கின. ஒருவழியாக முடிவாகப் போகிற நேரத்தில் முத்துலட்சுமி கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்தினார். கதவோரம் வாயே திறக்காமல் இருந்த சின்னப் பெண்ணிடம் திரும்பினார்.

"நீ இன்னா சொல்ற?"

அந்தப் பெண் சேலை நுனியை முறுக்கினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. அத்தனை வாயாடிகளும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். கடைசியில் அவள் பேசினாள். அவள் சொன்னதைக் கேட்டு முடிவையே மாற்றினார்கள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "இப்படிக் கேக்கணும்னு யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்றேன்.

"இத்த வேற சொல்லிக் குடுப்பாங்களா? நாங்க எப்பவுமே இப்டித்தான்."

அந்த அறை முழுக்க ஐரின் அக்கா இருந்தார். அது அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு மனுஷியால் இப்படியும் வேலை செய்ய முடியுமா என்று வியந்து போனேன். ஒன்றும் சொல்லிக் கொடுக்காமல், என் போன் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

சில நாள் கழித்து முத்துலட்சுமி போன் செய்தார். "அடையாறு ஆபீஸ்லேந்து ஜானகின்னு ஒரு அம்மா பேசுச்சு. ஐரின் மிஸ் இன்னா பண்ணாங்கன்னு கேட்டுச்சு. ஒண்ணும் பண்லன்னு சொல்ட்டேன். பொய் சொல்ல முடியுமா?"

"அப்புறம்?"

"அப்ப எதுக்கு அத்தினி வருசம் வந்தாங்கன்னு கேட்டுச்சு. இன்னா கேள்வி இது? அது வர்றதுக்கு முன்னாடி நாங்க ஒண்ணா ஒக்காந்தாலே சண்டதான். அது வந்து ஒக்காந்துச்சு, நாங்க பேசினோம். இப்ப அது வரலன்னாலும் பேசிக்கினுதான் கீறோம். அவ்ளோதான்னு சொன்னேன்."

அந்த வேலை அக்காவுக்கே கிடைத்தது. நேர்காணலில் ஜானகி மேடம் நான் எழுதிய நாலு வரியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். முத்துலட்சுமி சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு, எப்போது சேர முடியும் என்று கேட்டாராம்.

செய்தியைச் சொல்ல நாங்கள் இருவரும் நொச்சிக்குப்பம் போனோம். முத்துலட்சுமி வஞ்சிரம் வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"ஒண்ணும் பண்ணாத மிஸ்ஸுக்கே வேல குடுத்துட்டாங்களா? அப்ப நல்ல ஆபீஸாத்தான் கீது."

எனக்குப் பொறுக்கவில்லை, மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். வேலை கிடைத்த அன்றுகூட அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.