மூன்றாவது கணு

கொல்லிமலையில் எங்கள் பக்கத்து ஊர்களில் கோயில் நோம்பிக்குக் கும்மி அடித்தால் அதில் என் பாட்டு இல்லாமல் இருக்காது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைக்குத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். கூலிக்கு மிளகு பறிக்கப் போய், பிறகு சொந்தமாக மிளகுத் தோட்டமே போட்டவன். பாட்டுக் கட்ட எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கண்ணேணிதான் சொல்லிக்கொடுத்தது.

கண்ணேணி என்பது ஒற்றை மூங்கில். கணுவில் முளைத்த கிளையை நாலு விரல் நீளம் விட்டு வெட்டியிருப்போம். அதில் கால் வைத்து ஏற வேண்டும். மிளகுக்கொடி படர்ந்த மரத்தோடு அதைச் சேர்த்துக் கட்டி, இடுப்பில் பையோடு ஏறுவேன். மூன்று கணு ஏறினால் ஒரு நிறுத்தம். கைக்கு எட்டுகிற மிளகையெல்லாம் பறித்துவிட்டு அடுத்த மூன்று கணு. கணுவுக்கு ஒரு சொல் வாயில் வரும். போன வருடத்துப் பாட்டு அப்படி வந்ததுதான். ‘மேலே, படர்ந்த, மிளகுக்கொடி’ என்று மூன்று கணு. நின்று பறித்தேன். ‘மேகத்தில், கைவெச்ச, பச்சைக்கொடி’ என்று இன்னும் மூன்று. மறுபடி நின்று பறித்தேன். நான் பறிக்க நின்ற இடத்தில்தான் பெண்கள் குனிந்து கை தட்டுவார்கள். அது அவர்களுக்குத் தெரியாது.

மிளகு பறித்து முடிகிறபோது பாட்டும் முடிந்திருக்கும். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஒரு வருடம்கூடத் தவறவில்லை.

போன நோம்பி முடிந்து வந்த மழையில் வலது முட்டி வீங்கியது. எண்ணெய் தேய்த்தேன், பச்சிலை கட்டினேன், வலியைத் திட்டினேன். கடைசியில் பஸ் ஏறி, வளைவு வளைவாகக் கீழே இறங்கி, டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

“முட்டி தேஞ்சு போச்சுங்க ஐயா. இனி ஏணி ஏறவே கூடாது. அதுக்காக உக்காந்துடவும் கூடாது, ஒரே எடத்துல நிக்கவும் கூடாது. முட்டி பூட்டிக்கும். சமதரையா பாத்து தெனமும் நடங்க.”

“ஏனுங்கம்மா, எங்க மலையில சமதரைக்கு நான் எங்க போவேன்?”

அந்தம்மா சிரித்தார். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் சமதரை என்றால் பள்ளிக்கூட மைதானம் ஒன்றுதான். எந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினேனோ அதையே காலையில் இருபது சுற்று சுற்றி வந்தேன். வலி குறையவில்லை, கூடவும் இல்லை. என் மனைவி மைதானத்து ஓரமாகப் புல் அறுத்துக்கொண்டே சொன்னாள்:

“செக்கு மாடு சுத்துனா எண்ணெயாவது வரும். நீங்க என்னத்த எடுத்தீங்க?”

“பாட்டு எடுக்கப் போறேன்.”

வரவில்லை. தை போய் மாசி வந்தது. தோட்டத்தில் ஆள் விட்டு மிளகு பறித்தாயிற்று. நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தும் பார்த்தேன். உட்கார்ந்து எழுதின சொல்லெல்லாம் கடிதம் மாதிரி இருந்தது, ‘நலம், நலமறிய ஆவல்’ என்று. பாட்டு இல்லாவிட்டால் என்னிடம் என்ன இருக்கிறது என்று முதல் முறையாக யோசித்தேன். முட்டிதான் இருந்தது.

ஒரு நாள் கண்ணேணியைத் தூக்கிவந்து வாசலில் படுக்கப் போட்டேன். கணுவுக்கு ஒரு எட்டாக அதன் பக்கத்திலேயே நடந்தேன். கடைசிக் கணு வந்ததும் திரும்பி மறுபடி முதல் கணு.

“ஏனுங்க, ஏணி படுத்துக்கிச்சு, நீங்க மேல போயிட்டிருக்கறீங்களாக்கும்?” என்றாள் மனைவி.

சொன்னால் சொல்லட்டும். சொல் வந்தது. பத்து நாளில் முழுப் பாட்டும் வந்துவிட்டது. என் மாதிரி இந்த மலையில் இன்னொருத்தன் உண்டா என்று அன்றைக்கு இரண்டு உருண்டை களி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

கும்மிக்கு முன்னால் நின்று பாடுகிறவள் என் தங்கை மகள். அவளை வரவழைத்துப் பாடிக் காட்டினேன். கை தட்டத் தயாராகக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடியும்வரை தூக்கின கை தூக்கினபடியே இருந்தது.

“மாமா, பஸ்ஸுக்கு ஓடற மாதிரி இருக்குதுங்க. எங்க குனியறது, எங்க தட்டறது? மூச்சு வுட எடம் வேணாமுங்களா?”

அவள் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. படுத்த ஏணியில் பறிக்க மிளகு இல்லை. நான் எங்கேயும் நிற்கவில்லை.

மறுநாள் மூன்று எட்டுக்கு ஒரு முறை நின்றேன். வெறுங்காற்றில் கையை நீட்டிப் பறிக்கிற மாதிரி செய்தேன். இரண்டாவது நிறுத்தத்திலேயே முட்டி பூட்டிக்கொண்டது. மனைவி நாற்காலியை இழுத்துவந்து போட்டாள். அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். பாட்டு நில் என்கிறது, முட்டி நிற்காதே என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நான் யாரைக் கெஞ்சுவது?

நோம்பிக்கு ஐந்து நாள் இருக்கும்போது தங்கை மகளிடம் போய், இந்த வருடம் பாட்டு இல்லை என்றேன். அடுத்த வருடம் என்று சொல்ல வாய் வரவில்லை.

“வுடுங்க மாமா. போன வருசத்துப் பாட்டே போதும்” என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். ‘போதும்’ என்ற சொல்லை நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன்.

நோம்பியன்று எல்லோரும் கோயில் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தரையில் உட்கார முடியாத நான் கூட்டத்துக்குப் பின்னால் மெதுவாக நடந்துகொண்டிருந்தேன். கும்மி தொடங்கியது. ‘மேலே படர்ந்த மிளகுக்கொடி’ என்று பெண்கள் பாடியதும், மூன்றாவது எட்டில் என் கால் தானாக நின்றுவிட்டது. இத்தனை வருடப் பழக்கம். அங்கேயே முட்டி பூட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்த பலாமரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் குனிந்தார்கள், தட்டினார்கள், நிமிர்ந்தார்கள். என்னால் அசைய முடியவில்லை.

“பாரு, பெத்த புள்ளயப் பாக்கற மாதிரி நின்னு பாக்கறாரு” என்றான் பக்கத்துத் தோட்டக்காரன்.

நான் மறுக்கவில்லை. வலியில் கண்ணில் தண்ணீர் வந்ததையும் அவன் அப்படியே எடுத்துக்கொண்டான். கும்மி முடிந்து பெண்கள் கலைந்த பிறகும் மரத்தைப் பிடித்தபடி நின்றேன். மனைவி மட்டும் வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“ஊட்டுக்குப் போலாமுங்களா?”

“கொஞ்ச நேரம் ஆகும்” என்றேன்.