முதலில் என் அட்டை

இந்த ஊரில் ஒரு கதவைத் திறந்து உள்ளே போகிறவர், தனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். வந்தால், அந்த ஆள் வந்து சேரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தெரிந்தவர் தெரியாதவர் என்ற கணக்கெல்லாம் இல்லை. சிட்னிக்கு வந்த புதிதில் எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. நான் இன்னும் கார் நிறுத்துமிடத்திலேயே நிற்பேன். அங்கே வங்கி வாசலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்பார். மனுசனைக் காக்கவைக்கக் கூடாதே என்று சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். பிறகு நாங்களும் பழகிவிட்டோம். என் கணவர் ஒருபடி மேலே போனார். மெரிலேண்ட்ஸ் கடைத்தெருவில் இவர் ஒரு கதவைப் பிடித்தாரென்றால், கலியாண வீட்டு வாசலில் நின்று வரவேற்கிற மாதிரித்தான். கடைசி ஆள் உள்ளே போகும்வரை விடமாட்டார். அதற்குள் நான் சாமான் வாங்கி முடித்து வெளியே வந்துவிடுவேன்.

அப்படிப்பட்ட ஊரில், நாற்பது வயதுக்குப் பிறகு நான் ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது பெரிய பிழை என்று அங்கேதான் சொல்லித் தந்தார்கள்.

அது கணினிப் பாதுகாப்பு வகுப்பு. அரசாங்கத் தொழிற்கல்லூரி ஒன்றில் பின்னேரங்களில் நடந்த டிப்ளோமா. ஃப்ளொப்பி ஒழிந்து, விரலளவு யூஎஸ்பி குச்சிகள் வந்துகொண்டிருந்த காலம். கொழும்பில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை பார்த்த நான், இங்கே முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையில் எனக்குக் குறை இல்லை. அந்தக் கிழவிகள் என்னோடு நல்ல அன்பு, நல்ல வாரப்பாடு. ஆனால் மூளை துருப்பிடித்துப்போகிறதே என்ற எரிச்சல் உள்ளே இருந்தது. பரமட்டாப் பக்கம் ஒரு நிறுவனத்தில் நேர்முகத்துக்குப் போனபோது, அவர்களுக்கு என்னைப் பிடித்துவிட்டது. டிப்ளோமாவை முடித்துக்கொண்டு வாருங்கள், இடம் வைத்திருக்கிறோம் என்றார்கள். முடிக்காவிட்டால் உருளைக்கிழங்குதான். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

சும்மா சொல்லக்கூடாது, வகுப்பில் நான் கெட்டிக்காரி. சுற்றிவர இருந்ததெல்லாம் என் மகள் வயதுப் பெடியன்கள். எந்த நேரமும் காதில் பாட்டு. கடவுச்சொற்களை ஊகிக்கும் பயிற்சி வந்தபோது அவர்கள் பெரிய மென்பொருட்களை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. எங்கள் சனத்தின் கணினி எதையும் நான் வெறுங்கையால் திறப்பேன். முதலில் மூத்த பிள்ளையின் பெயர், அது சரிவராவிட்டால் குலதெய்வம், அதுவும் சரிவராவிட்டால் வீட்டுக்காரியைக் கேட்டால் போதும், தேத்தண்ணியும் தந்து கடவுச்சொல்லையும் சொல்லிவிடுவார்.

எங்கள் ஆசிரியர் கிரெக் என்னைவிட இளையவர், வகுப்புக்கு அரைக் காற்சட்டையோடு வருவார். நான் சேர் என்று கூப்பிட, அவர் கிரெக் என்று கூப்பிடச் சொல்ல, கடைசியில் கிரெக் சேர் என்று ஒரு சமாதானத்துக்கு வந்தோம். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. திருடன் கணினியில் ஓட்டை தேடி மினக்கெடமாட்டான். நல்ல பழக்கமுள்ள ஒரு மனிதரைத் தேடுவான். அந்த மனிதர் தன் அடையாள அட்டையைக் காட்டிக் கதவைத் திறப்பார், பின்னால் வருகிறவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார், திருடன் நன்றி சொல்லிக்கொண்டு உள்ளே போவான். இதற்கு டெயில்கேட்டிங் என்று பெயர். ஆகவே யார் வந்தாலும் அட்டையைக் கேட்க வேண்டும். கொப்பியில் நானும் எழுதிக்கொண்டேன். எழுதுவதில் ஒரு கஷ்டமும் இல்லை.

கடைசிப் பாடத்துக்குச் செய்முறைப் பரீட்சை. கல்லூரி முழுவதின் தகவலும் இருக்கிற பெரிய கணினிகளை ஓர் அறையில் வைத்திருந்தார்கள். அந்த அறை வாசலை ஒவ்வொரு மாணவரும் ஒரு காலைப்பொழுது காவல் காக்க வேண்டும். வருகிறவர்களில் சிலர் உண்மையாகவே வேலைக்கு வருகிறவர்கள், சிலர் கிரெக் அனுப்பிய வேஷக்காரர்கள். அட்டை இல்லாத ஓர் ஆள் உள்ளே போனாலும் பெயில். இரண்டு தரம் முயலலாம், அதற்கு மேல் இல்லை.

முதல் தரம் மேசைக்குப் பின்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார்கள், பார்த்துவிட்டு விட்டேன். பிறகு என் வயதுக்காரர் ஒருவர் வந்தார். மண்ணிறக் கோட்டு, சவரம் செய்த முகம், கையில் ஒரு பெட்டி. மேசைக்குப் பின்னால் நான் இருப்பதைக் கண்டதும் அவருடைய வலது கை சட்டைப் பைக்குப் போயிற்று. நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

அந்தக் கையை எனக்குத் தெரியும். கொழும்பில் நாங்கள் இருந்த வெள்ளவத்தையிலிருந்து வங்கிக்குப் போகும் வழியில், சண்டைக் காலத்தில், இராணுவத்தினர் சோதனைக்குப் பஸ்ஸை மறிப்பார்கள். பஸ் நிற்க முன்னமே எங்கள் தமிழ் ஆட்களின் கை சட்டைப் பைக்குப் போய்விடும். அடையாள அட்டையை அங்கே ஐசி என்போம். ஐசி இல்லாமல் குப்பை கொட்டக்கூட வெளியே போகமாட்டோம். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தால் அட்டையைப் பிரட்டிப் பிரட்டிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சிரித்தால் ஏன் சிரிக்கிறாய் என்பான். சிரிக்காவிட்டால் ஏன் முறைக்கிறாய் என்பான். சிட்னிக்கு வந்து முதல் வருடம் முழுக்க நான் அந்த ஐசியைக் கைப்பைக்குள் காவிக்கொண்டு திரிந்தேன். இங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்காத ஊர் இது என்பதுதான் எனக்கு இந்த ஊரில் இருக்கிற பெரிய சந்தோசம்.

அந்த மனிதரிடம், "இட்ஸ் ஓகே, இட்ஸ் ஓகே" என்று சொன்னேன். எழுந்துபோய்க் கதவைத் திறந்து, அவர் பெட்டியோடு உள்ளே போகும்வரை பிடித்துக்கொண்டும் நின்றேன். என் கணவர் கண்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

பெட்டி வெறும் பெட்டி. சட்டைப் பைக்குள் இருந்தது பஸ் டிக்கெட். அவர் பக்கத்துக் கட்டடத்தில் ஆங்கிலம் படிக்கிற ஆப்கானிஸ்தான்காரர். கிரெக் உதவிக்குக் கேட்டு அனுப்பியிருந்தார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டு நின்றதைக் கண்டு கிரெக்குக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏன் கேட்கவில்லை, வதனி?" என்றார்.

"அது பொலைட் இல்லை, சேர்" என்றேன். வேறென்ன சொல்ல? பஸ்ஸையும் வெள்ளவத்தையையும் அந்தக் கையையும் சொல்ல எனக்கு இருந்த ஆங்கிலம் காணாது.

அவர் மிகவும் அன்பாக, கூச்சப்படாதே, வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று உரத்துக் கேட்டுப் பழகு என்று புத்தி சொன்னார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நான் கூச்சக்காரியாம். வெள்ளவத்தைச் சந்தை மீன்காரரைக் கேட்டுப் பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"உதென்ன பெரிய வேலை? ஒரு சொல்லுத்தானே. கேட்டுப்போட்டு விடுமன்" என்றார்.

"நீங்கள் கேட்பியளோ?"

வெட்டின கை நின்றது. இவரை ஒருமுறை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்ப் பொழுதுபடும்வரை பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்தார்கள். அதைப் பற்றி நாங்கள் அதிகம் கதைப்பதில்லை.

"நான் கேக்கமாட்டன்" என்றார். "ஆனா நான் உந்தக் கோர்ஸுக்குப் போகேல்லையே. நீர் போனனீர்."

"அண்டைக்கு உங்களை இறக்கினவன் ஆரெண்டு தெரியுமோ?"

"எனக்கென்னெண்டு தெரியும்? என்ரை பேர், பிறந்த ஊர், விலாசம் எல்லாம் அவன் வாசிச்சவன். தன்ரை பேரை எனக்குச் சொன்னவனோ?"

சொல்லிவிட்டு இவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். அட்டையைக் கேட்டதால் வந்த வலியாகவே இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் யாரென்று தெரியாமல், அவனுக்கு முன்னால் நான் மட்டும் புத்தகம்போலப் பிரித்து வைக்கப்பட்டு நின்றதுதான் என்னைச் சுட்டது. அதை நான் யாருக்கும் செய்யாமல் கேட்க வழி இருக்கிறது என்று அந்த இடத்திலேயே பிடிபட்டது. கண்ணாடிக்கு முன்னால் நிற்கவில்லை. நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

இரண்டாம் தரம் மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டேன். கதிரையைக் கதவுக்கு வெளியே வைத்தேன், எனக்கு இல்லை, வருகிறவர்களுக்கு. பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீரும் கோப்பைகளும். யார் வந்தாலும் இரண்டடி முன்னால் போய் என் கழுத்தில் தொங்கிய அட்டையை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தேன். "நான் வதனி. இந்த அறைக்கு நான் பொறுப்பு. இது என் அட்டை. இனி உங்களுடையதைப் பார்க்கலாமா?"

எவ்வளவு சுகமாக வந்தது தெரியுமா? சனங்கள் முதலில் என் படத்தைப் பார்த்தார்கள், பிறகு என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் அட்டையை எடுத்தார்கள். மஞ்சள் சட்டை போட்டு ஏணியோடு ஒருவர் வந்தார். அட்டையை வான் வண்டியில் மறந்து விட்டுவிட்டேன், கிழமைக்கு ஒருதரம் வருகிற ஆள்தானே, லவ், என்றார். இந்த ஊரில் அறியாத பெண்ணையும் அப்படிக் கூப்பிடுவார்கள். "இருங்கோ, தண்ணி குடியுங்கோ" என்பதை ஆங்கிலத்தில் சொல்லி, கதிரையில் இருத்திவிட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அப்படி யாரையும் அவர்களுக்குத் தெரியாது. ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்தவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். இருத்திவைத்துக் கேட்கலாம், அதில் பிழை இல்லை.

கடைசியாகக் கிரெக்கே வந்தார். அவசரம், அட்டை மேலே மேசையில் கிடக்கிறது, கதவைத் திற என்றார். என் ஆசிரியர். எங்கள் ஊரில் ஆசிரியர் வந்தால் கதவென்ன, சுவரையும் இடித்து வழிவிடுவோம். டிப்ளோமா, பரமட்டா, உருளைக்கிழங்கு எல்லாம் ஒருமுறை கண்ணுக்கு முன்னால் வந்து போனது. இருந்தும் என் அட்டையைத் திருப்பிப் பிடித்தேன். "நான் வதனி" என்றேன். அவருக்கு என்னைத் தெரியாதது போல. பிறகு கதிரையைக் காட்டினேன். அவர் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மேலே இருந்து அட்டை வரும்வரை அரைக் காற்சட்டையோடு அடக்கமாக இருந்தார்.

பாஸ். நீ கூச்சத்தை வென்றுவிட்டாய் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஓம் சேர் என்றேன். நல்ல மனுசன், பாவம், கடைசிவரை அவருக்கு அது விளங்கவில்லை.

வேலை கிடைத்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். அங்கே புதிதாக வருகிறவர்களுக்கு வாசலைக் காக்கச் சொல்லிக் கொடுப்பதும் என் பொறுப்பு. முதலில் உன் அட்டை, பிறகு அவர்களுடையது. அதை வதனியின் முறை என்கிறார்கள். நானும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

இலங்கையில் சமாதானம் முறிந்து, கொழும்பில் திரும்பவும் மறிக்கத் தொடங்கிய நாட்களில் தம்பியின் மகளுடைய கலியாணத்துக்குப் போனோம். மண்டபத்துக்குப் போகும் வழியில் ஓட்டோவை நிறுத்தி இறங்கச் சொன்னார்கள். இவருடைய கை சட்டைப் பைக்குப் போவதைப் பார்த்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதே கை. என் கை கைப்பைக்குள் போய், எதைக் கொடுப்பது என்று நான் தீர்மானிக்க முன்னமே, ஆஸ்திரேலியப் பாஸ்போட்டையும் பயணத்துக்கென்று எடுத்து வைத்த, மூலை வெடித்த பழைய ஐசியையும் சேர்த்து வெளியே எடுத்தது. மறித்த இராணுவப் பெடியனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, தோளில் துவக்கு. இரண்டையும் அவன் பக்கம் திருப்பிப் பிடித்து, சிங்களத்தில், நான் வதனி, இதுகள் என்னுடையவை என்றேன்.

அவன் ஒன்றை வாங்கிப் பார்த்தான், மற்றதையும் பார்த்தான். இரண்டையும் திருப்பித் தந்து, போகச் சொல்லித் தலையை ஆட்டினான். நான் போகவில்லை. அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பட்டுச் சேலையோடு, இரண்டு கையிலும் இரண்டு நாட்டோடு. அவன் என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

இவர் என் முழங்கையைப் பிடித்தார். "என்னத்துக்கு நிக்கிறீர்? நடவும்."

"அவர் இன்னும் தன்ரை அட்டையைக் காட்டேல்லை" என்றேன்.